காதல் முறிவுக்குப் பின் பழைய பொருள் கடைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான்கு ஆண்டுகள் நீடித்த என் காதல் 2022ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. இரு வீட்டாருக்கும் தெரிந்திருந்த உறவு என்பதால், அது முறிந்த செய்தியும் எல்லோருக்கும் தெரிந்தது. அதன் பிறகு வந்த ஓராண்டில் நான் மீண்டும் பசித்துச் சாப்பிடவும் வாய்விட்டுச் சிரிக்கவும் தொடங்கியதில், சென்னையின் பழைய புத்தகக் கடைகளுக்கும் பழைய பாத்திரக் கடைகளுக்கும் கைமாறிய துணிகள் விற்கும் இடங்களுக்கும் பெரும் பங்கு உண்டு. இதைக் கேள்விப்பட்ட தோழிகளும், அவர்களுடைய தோழிகளும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

காதல் முறிவுக்கும் பழைய பொருள் வாங்குவதற்கும் என்ன தொடர்பு?

பிரிந்து இரண்டு மாதம் கழித்து, தீபாவளிக்குப் புடவை எடுக்க என் சித்தி என்னைத் தியாகராய நகருக்கு அழைத்துச் சென்றார். கடைக்காரர் ஐம்பது புடவைகளைப் பிரித்துப் போட்ட பிறகு, "உனக்கு எதும்மா பிடிச்சிருக்கு?" என்று சித்தி கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான்கு ஆண்டுகளாக, என் காதலருக்குப் பிடித்த நிறம் எது, அவருடைய அம்மாவுக்கு எது பாந்தமாகத் தெரியும், அவர் நண்பர்கள் முன்னால் எதை உடுத்தினால் பொருந்தும் என்றே யோசித்துப் பழகியிருந்தேன். எனக்கு எது பிடிக்கும் என்ற கேள்வியை என்னிடம் நானே கேட்டு நெடுநாளாகியிருந்தது. அவர் என்னைக் கட்டாயப்படுத்தினார் என்று சொல்ல மாட்டேன். அன்பு மிகுந்திருக்கும்போது நாமே மனமுவந்து விட்டுக்கொடுக்கும் விஷயம் அது.

புதுத்துணிக் கடையில், இந்தப் பருவத்துக்கு எது நாகரிகம், எது உங்கள் வயதுக்கு ஏற்றது என்று யாரோ முன்பே தீர்மானித்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். பழைய பொருள் கடையில் அப்படி எதுவும் இல்லை. ஒரு குவியல் இருக்கிறது, அதில் ஒவ்வொன்றிலும் ஒன்றுதான் இருக்கிறது, அதற்குள் கையை விட்டுத் துழாவ வேண்டியது நீங்கள்தான். இது வேண்டும், இது வேண்டாம், இது அழகு, இது எனக்குச் சரிப்படாது என்று ஒரு மணி நேரத்தில் நூறு சிறு முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கிறது. இத்தகைய கடைகளுக்கு நான் போகத் தொடங்கிய மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, கடுகு நிறத்தில் ஒரு பழைய கைத்தறிச் சட்டையை யோசிக்காமல் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றபோதுதான், எனக்குக் கடுகு நிறம் பிடிக்கும் என்பது நினைவுக்கு வந்தது. கல்லூரியில் என் பாதி உடைகள் அந்த நிறத்தில்தான் இருந்தன.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று இதையொட்டிய ஒரு கருத்தைச் சொல்கிறது. எதை வாங்குவது என்று தாமே தேர்ந்தெடுக்கும் செயல், தம் வாழ்க்கை தம் கையில் இருக்கிறது என்ற உணர்வை மீட்டுத் தருவதால், எஞ்சி நிற்கும் சோகத்தைக் குறைக்கிறது என்பது அவர்களின் முடிவு. அதைப் பின்னாளில் படித்தபோது, கடுகு நிறச் சட்டையுடன் நின்ற அந்த நிமிடம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

துக்கத்தில் இருக்கும்போது கடைக்குப் போவது ஆபத்து அல்லவா? பணத்தை வாரி இறைத்துவிட மாட்டோமா?

இறைத்துவிடுவோம். நானும் இறைத்தேன். முதல் மாதம் தூக்கம் வராத இரவுகளில் கைபேசியில் தேடித் தேடி வாங்கிய பொருட்களில் மூன்று பொட்டலங்கள் பிரிக்கப்படாமலே பீரோவின் மேல் கிடந்தன. 2008இல் வெளியான வேறொரு அமெரிக்க ஆய்வில், சோகமான காட்சியைப் பார்த்தவர்கள் ஒரு சாதாரணத் தண்ணீர்ப் புட்டிக்கு, மற்றவர்கள் கொடுக்க முன்வந்ததைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு விலை கொடுக்க முன்வந்தார்கள். அந்தக் காட்சிதான் தங்கள் முடிவைப் பாதித்தது என்பதையும் அவர்கள் உணரவில்லை.

ஆகவே நான் சில கட்டுப்பாடுகளை வைத்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்நூறு ரூபாய் ரொக்கம் மட்டும் எடுத்துச் செல்வேன். ஏடிஎம் அட்டையை வீட்டிலேயே விட்டுவிடுவேன், கைபேசியில் பணம் செலுத்தும் செயலியைத் தொடமாட்டேன். ஒரே ஒரு துணிப்பை கொண்டு செல்வேன், அதில் அடங்காததை வாங்க மாட்டேன். இரவில் எதையும் வாங்குவதில்லை. இவற்றில் பெரிதும் உதவியது ரொக்கம்தான். நூறு ரூபாய்த் தாள் கையை விட்டுப் போவதைக் கண்ணால் பார்க்கும்போது, கை தானாகவே நிதானிக்கிறது. பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் பாதிப் பணத்துடன் திரும்பியிருக்கிறேன். சில நாள் எதையும் வாங்காமல், மூன்று மணி நேரம் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரு தேநீர் மட்டும் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். அந்த நாட்களையும் நல்ல நாட்களாகவே எண்ணுகிறேன்.

பிறர் உடுத்திய துணியை உடுத்தினால் பீடை, தரித்திரம் என்று வீட்டில் சொல்கிறார்களே?

என் வீட்டிலும் சொன்னார்கள். அவர்களுடன் சண்டையிடாமல், நம் வீடுகளில் நடப்பதையே நினைவூட்டினேன். பிறந்த குழந்தைக்கு முதலில் புதுத்துணி உடுத்துவதில்லை என்பது பல தமிழ்க் குடும்பங்களின் வழக்கம். பலமுறை துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட பழைய வேட்டித் துணியையோ, நோய்நொடியின்றி வளர்ந்த உறவுக்குழந்தையின் பழைய சட்டையையோதான் தேடிப்பிடித்து உடுத்துகிறார்கள். தூளி கட்டுவது அம்மாவின் அல்லது பாட்டியின் பழைய நூல்புடவையில்தான். அக்காவின் பாவாடை தாவணி தங்கைக்கு வருவதும், மேல்வகுப்பில் படிப்பவரின் பாடநூல் பாதி விலைக்குக் கைமாறுவதும், பழைய புடவையைக் கொடுத்து எவர்சில்வர் பாத்திரம் வாங்குவதும் நமக்குப் புதிதல்ல. காயலான் கடை என்ற சொல்லே நம்மிடம் இருக்கிறது.

இறந்தவர்களின் துணியாக இருந்தால் என்ன செய்வது என்ற அச்சத்தை நான் எளிதாக ஒதுக்கிவிட மாட்டேன். அது மனத்தை உறுத்துமானால் துணியை விட்டுவிட்டுப் புத்தகம், பாத்திரம், மரச்சாமான் ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். என் பாட்டி இறந்த பிறகு அவருடைய சுங்குடிப் புடவைகளை நாங்கள் பேத்திகள்தான் பங்கிட்டுக்கொண்டோம். அவற்றை உடுத்தும்போது எனக்கு அச்சம் வந்ததில்லை. முகம் தெரியாத ஒரு பாட்டியின் புடவை மட்டும் ஏன் அச்சம் தர வேண்டும் என்று யோசித்துப் பார்த்தேன், என்னளவில் அந்த உறுத்தல் நீங்கியது.

காதல் முறிந்த பெண்ணையே 'செகண்ட் ஹேண்ட்' என்று பேசுகிறார்களே. அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டுப் பழைய பொருள் வாங்கப் போவது வேதனையாக இல்லையா?

இந்தக் கேள்வியை எனக்கு எழுதியவர், அந்தச் சொல்லைத் தன் சொந்த அத்தை வாயால் கேட்டவர். எனக்கும் அது நேர்ந்தது. ஒரு வரன் பேச்சு வந்தபோது, எங்கள் பழைய உறவைப் பற்றிக் கேள்விப்பட்ட மாப்பிள்ளை வீட்டார் அதைத்தான் சற்று நாசூக்கான சொற்களில் தெரிவித்தார்கள். அன்று இரவு முழுவதும் என் அம்மா சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தார்.

இதற்கு ஆறுதலாக, பழைய பொருளுக்கும் மதிப்பு உண்டு, அதுபோல உனக்கும் மதிப்பு உண்டு என்று சிலர் சொல்வார்கள். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் அந்த ஒப்புமையை நான் ஏற்பதே இல்லை, நீங்களும் ஏற்காதீர்கள். பொருளுக்கு முதல் உரிமையாளர், இரண்டாம் உரிமையாளர் என்று உண்டு. என்னை யாரும் உரிமையாக வைத்திருக்கவில்லை. நான் ஒருவரை நேசித்தேன், அவரும் என்னை நேசித்தார், பின்னர் அது முடிந்தது. இதில் யாரும் பயன்படுத்தப்படவும் இல்லை, பழையதாகவும் ஆகவில்லை. ஆணுக்கு அந்தச் சொல் ஒருபோதும் சொல்லப்படுவதில்லை என்பதிலேயே அதன் அநியாயம் தெரிகிறது. தவலைக்கும் சட்டைக்கும் செகண்ட் ஹேண்ட் என்ற சொல் பொருந்தும். மனிதருக்குப் பொருந்தாது. அப்படிப் பேசுகிறவர்களிடம், அவர்கள் எவ்வளவு நெருங்கிய உறவினராக இருந்தாலும், அந்தச் சொல்லைத் திரும்பப் பெறச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நான் கேட்டேன். திரும்பப் பெறவில்லை, ஆனால் மறுமுறை சொல்லவும் இல்லை.

சென்னையில் எங்கே போகலாம்?

மூர் மார்க்கெட்டிலிருந்து தொடங்க வேண்டும். சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்து, 1898இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1900இல் திறக்கப்பட்ட அந்தச் செங்கல் சிவப்புக் கட்டடத்தில், பெற்ற தாய் தந்தையரைத் தவிர எல்லாம் கிடைக்கும் என்பார்கள். 1985 மே மாதத்தில் அது தீக்கிரையானது. அந்த இடத்தில்தான் இன்று புறநகர் ரயில்களுக்கான நிலையக் கட்டடம் நிற்கிறது. கடைக்காரர்கள் அருகிலேயே அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறினார்கள். அங்கே இப்போதும் பழைய புத்தகங்கள், பழைய நாணயங்கள் என்று தேடுகிறவர்களுக்குக் கிடைக்கிறது. என் அப்பா தன் பொறியியல் படிப்புக்கான புத்தகங்களைப் பழைய மூர் மார்க்கெட்டில்தான் வாங்கினாராம். பிரிவுக்குப் பிறகு என்னிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் தவித்த அவர், நான் அல்லிக்குளம் போகிறேன் என்றதும், "நானும் வரட்டுமா?" என்றார். அன்று பேருந்தில் போக வர இரண்டு மணி நேரம் பழைய கடைகளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். காதலைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசவில்லை. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

புத்தகங்களுக்குத் திருவல்லிக்கேணி பாரதி சாலையை நம்பிப் போகலாம். பழைய தலைமுறையினர் அதைப் பைகிராப்ட்ஸ் சாலை என்றே சொல்வார்கள். நடைபாதையை ஒட்டி, முதுகு தெரியும்படி அடுக்கிய புத்தகங்களைத் தலையைச் சாய்த்துப் படித்துக்கொண்டே நடக்கலாம். பாத்திரங்களுக்கு, உங்கள் பேட்டையில் உள்ள பாத்திரக் கடையிலேயே விசாரியுங்கள். பழைய பித்தளைக்குப் புதுப் பாத்திரம் மாற்றிக்கொடுக்கும் கடை எதுவாக இருந்தாலும், உருக்குவதற்கு அனுப்பும் முன் ஒரு மூட்டை உள்ளே கிடக்கும்.

சென்னைக்கு வெளியே செல்ல முடிந்தால் புதுச்சேரியின் காந்தி வீதி ஞாயிறு சந்தைக்கும், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கும் செல்லுங்கள். காரைக்குடியில் நகரத்தார் வீடுகளிலிருந்து வந்த எனாமல் தூக்குகளையும் மரச் சாமான்களையும் பார்ப்பதற்கே ஒரு நாள் தேவைப்படும். விலை அதிகம், அதனால் நான் அங்கே பார்க்க மட்டுமே போகிறேன். திருப்பூரின் காதர்பேட்டையைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அங்கே மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் ஏற்றுமதியில் மிஞ்சிய அல்லது கழிக்கப்பட்ட புதுத்துணிகள். நல்ல இடம்தான், ஆனால் கைமாறிய துணி வேறு, மிஞ்சிய துணி வேறு.

பழைய துணியை எப்படிப் பார்த்து வாங்குவது?

முதலில் முகர்ந்து பாருங்கள். அந்துருண்டை வாசனை போகும், நிழலில் நாலைந்து நாள் காற்றாட விட்டால் போதும். பூஞ்சை வாசனை எளிதில் போகாது. அடுத்து, சட்டையை உட்புறம் வெளியே வருமாறு திருப்பி, அக்குளையும் கழுத்துப்பட்டையின் உள்பக்கத்தையும் பாருங்கள். ஒரு துணி எவ்வளவு உழைத்திருக்கிறது என்பதை அந்த இரண்டு இடங்களும் மறைக்காமல் சொல்லும். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். நைந்த இடம் சல்லடைபோல் தெரியும். விட்டுப்போன தையலும் அறுந்த பொத்தானும் குறையே அல்ல, பத்து நிமிட வேலை. பிசிறில்லாத சிறு கிழிசலை இழை ஓட்டுபவரிடம் கொடுத்தால், எங்கே கிழிந்திருந்தது என்று நீங்களே தேட வேண்டியிருக்கும்.

பட்டுப் புடவையென்றால் மடிப்புகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் பீரோவில் இருந்த பட்டு, பார்ப்பதற்குப் புதிதுபோல் இருந்தாலும், மடிப்புக் கோட்டிலேயே கீறிக்கொண்டு வரும். இரு விரல்களால் மடிப்பை மெல்ல இழுத்தால் தெரிந்துவிடும். சரிகை அசலா என்று பார்க்க, கரையின் ஓரத்தில் தளர்ந்து நிற்கும் ஓர் இழையை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். காஞ்சிபுரம் அசல் சரிகையில் வெள்ளிக் கம்பி சுற்றியிருப்பது பெரும்பாலும் சிவப்புப் பட்டிழையின் மேல். பழைய பட்டுப் புடவையைத் தெருவில் விலைக்குக் கேட்டு வருகிறவர்கள் கேட்பது அந்த வெள்ளிக்காகத்தான். அதனால் அவர்களிடம் உங்கள் வீட்டுப் புடவையைக் கொடுக்கும் முன் நகைக்கடையில் ஒருமுறை விசாரிப்பது நல்லது.

வீட்டுக்கு வந்ததும் பருத்தித் துணியை வெந்நீரில் ஊற வைத்துத் துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்திய பிறகே மற்ற துணிகளோடு சேர்க்க வேண்டும். இதில் சோம்பல் கூடாது.

நீங்கள் வாங்கியவற்றில் மிகவும் பிடித்தது எது?

ஒரு பித்தளைத் தவலை. பாத்திரக் கடையில் உருக்கப் போகும் மூட்டையிலிருந்து எடுத்தேன். கழுத்துக்குக் கீழே, பாத்திரத்தில் பெயர் வெட்டுபவர் சிறு உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டிய எழுத்துகள் இருந்தன. ஒரு பெண்ணின் பெயரும், அதன் கீழே 1961 என்ற ஆண்டும். அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. அநேகமாகக் கல்யாணச் சீராக வந்திருக்கும். கடைக்காரர் தராசில் வைத்து, பழைய பித்தளையின் எடைக்கு என்ன விலையோ அதற்குக் கொஞ்சம் மேலே போட்டுக் கேட்டார். பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை.

வெளிப்புறத்தைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். கறுத்திருந்த பரப்பில் விரல் பட்ட இடமெல்லாம் மஞ்சள் வெளிப்பட்டது. உள்ளே பூசியிருந்த ஈயம் முற்றிலும் தேய்ந்துபோயிருந்தது. ஈயம் பூசாத பித்தளையில் புளிப்பான எதையும் சமைக்கக் கூடாது என்பதால், அடுத்த தெருவுக்கு வந்த ஈயம் பூசுபவரிடம் கொண்டுபோனேன். அவர் கரி அடுப்பை மூட்டி, கையால் சுற்றும் காற்றாடியால் ஊதி, தவலையைக் குறட்டால் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினார். அது நன்றாகச் சுட்டதும் ஒரு சிட்டிகை நவச்சாரத் தூளை உள்ளே தூவினார். வெள்ளைப் புகை குப்பென்று எழுந்தது. உடனே வெள்ளீயக் குச்சியை உள்பக்கத்தில் ஒரு கோடு இழுத்தார். வெள்ளீயம் 232 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும் என்பதால், குச்சி பட்ட இடத்தில் அது தண்ணீர்போல் ஓடியது. பஞ்சை வைத்து அவர் ஒரே சுழற்சியில் துடைத்தபோது, கறுத்த உட்புறம் முழுவதும் வெள்ளியாக மாறியது. பிறகு வாளித் தண்ணீரில் முக்கினார், அது சீறி அடங்கியது. எல்லாம் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. அந்த ஐந்து நிமிடத்தில் நான் என் பழைய காதலரை நினைக்கவே இல்லை என்பது வீடு வந்து சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பிரிந்து ஐந்து மாதமாகியிருந்தது, விழித்திருக்கும் நேரத்தில் அவ்வளவு நீளமான இடைவெளி அதுவரை வந்ததில்லை.

அந்தத் தவலையில் இப்போது பொங்கல் வைக்கிறேன்.

எவற்றைப் பழையதாக வாங்கக் கூடாது?

தலைக்கவசம் வாங்காதீர்கள். ஒருமுறை அடிபட்டால் உள்ளிருக்கும் நுரைப்பகுதி நசுங்கியிருக்கும், வெளியே தெரியாது. மெத்தை, தலையணை வேண்டாம், மூட்டைப்பூச்சி வந்தால் வீட்டையே காலி செய்ய வைக்கும். உள்ளாடை, ஒப்பனைப் பொருட்கள், கீறல் விழுந்த நான்ஸ்டிக் பாத்திரம், எரிவாயு ரப்பர்க் குழாய் ஆகியவையும் வேண்டாம். ஈயச் சொம்பு வாங்குவதில் மிகுந்த கவனம் தேவை. ரசம் வைக்கும் அசல் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. காரீயம் கலந்திருந்தால் அது நஞ்சு, கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத சொம்பை அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், சமைக்க வேண்டாம்.

அவர் கொடுத்த பரிசுகளை என்ன செய்வது?

போகியில் போட்டு எரித்துவிடு என்று எனக்கும் சொன்னார்கள். 'பழையன கழிதலும் புதியன புகுதலும்' என்ற வரியையும் துணைக்கு அழைத்தார்கள். அது நன்னூலில் மொழி வழக்கைப் பற்றிச் சொல்லப்பட்ட நூற்பா. காலத்துக்கேற்பப் பழைய வழக்குகள் மறைவதும் புதியன நுழைவதும் குற்றமாகாது என்பதுதான் அதன் பொருள். எதையும் கொளுத்தச் சொல்லவில்லை. எரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நெகிழியும் செயற்கை இழையும் எரியும் புகையைப் பக்கத்து வீட்டுக் குழந்தையும் சேர்த்துத்தான் சுவாசிக்கிறது.

நான் எல்லாவற்றையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, ஆறு மாதத்துக்குப் பரண்மேல் வைத்துவிட்டேன். ஆறு மாதம் கழித்துப் பிரித்தபோது மூன்று வகையாகப் பிரிக்க முடிந்தது. கடிதங்களை வைத்துக்கொண்டேன், அவை என் வாழ்க்கையும்தான். விலையுயர்ந்த கைக்கடிகாரத்தை அவருக்கே திருப்பி அனுப்பினேன். உடைகளையும் பொம்மைகளையும் கொடுத்துவிட்டேன். உடைகளைத் தொண்டு நிறுவனங்கள் பெற்றுக்கொள்கின்றன. 1999இல் தொடங்கப்பட்ட கூஞ்ச் அமைப்பு, பயன்படும் நிலையில் உள்ள துணிகளைச் சேகரித்து, அவற்றைத் தானமாக அல்லாமல் கிராமங்களில் மக்கள் தாங்களே செய்துகொள்ளும் ஊர்ப் பணிகளுக்கு ஈடாகக் கொடுக்கிறது. கொடுக்கும் துணியைத் துவைத்து, பொத்தான் தைத்து, மடித்துக் கொடுங்கள். நான் வாங்கும்போது எதை எதிர்பார்க்கிறேனோ, அதைத்தான் என்னிடமிருந்து பெறுபவரும் எதிர்பார்ப்பார்.

வலி எத்தனை நாளில் தீரும்? கடைக்குப் போவதே போதுமா?

நாள் கணக்கு யாராலும் சொல்ல முடியாது. ஹெலன் ஃபிஷர் என்ற மானிடவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், அண்மையில் காதலரால் கைவிடப்பட்டவர்கள் அவருடைய படத்தைப் பார்க்கும்போது, போதைப்பொருளுக்கு ஏங்கும்போது செயல்படும் மூளைப்பகுதிகளே செயல்படுவதாகக் கண்டார்கள். ஆகவே கை தானாகவே கைபேசியை எடுத்து அவருடைய பக்கத்தைத் தேடுகிறது என்றால் உங்களை நீங்களே இழிவாக எண்ண வேண்டாம். அது ஏக்கம். புதிதாகப் பார்க்கப் பார்க்க அது புதுப்பிக்கப்படுகிறது, பார்க்காமல் இருந்தால் மெல்லத் தளர்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் கைகள் புழுதியில் இருந்ததால் என்னால் கைபேசியைத் தொட முடியவில்லை. அது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

ஆனால் கடை மருந்தல்ல. இரண்டு வாரங்களுக்கு மேலாகத் தூக்கமும் உணவும் கெட்டு, எதிலும் விருப்பமில்லாமல், வேலைக்கும் போக முடியாமல் இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தால்கூடக் காத்திருக்கக் கூடாது. அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே அழைக்கலாம். சென்னையில் 1986 முதல் சினேகா அமைப்பு தற்கொலைத் தடுப்புப் பணியைச் செய்துவருகிறது. நான் எட்டு வாரம் ஓர் ஆலோசகரிடம் சென்றேன். அதைச் சொல்லாமல் சட்டையையும் தவலையையும் மட்டும் சொன்னால் நான் உங்களுக்குப் பொய் சொன்னவளாவேன்.

ஆண்களுக்கும் இது பொருந்துமா?

ஏன் பொருந்தாது? என் தம்பியின் நண்பர் ஒருவர், பிரிவுக்குப் பிறகு ரிச்சி தெருவிலும் அல்லிக்குளத்திலும் பழைய வானொலிப் பெட்டிகளைத் தேடிப் பிடித்துப் பழுதுபார்க்கத் தொடங்கினார். நம் ஊரில் ஆண்களுக்குக் குடிக்கச் சொல்லிக்கொடுக்க நண்பர்கள் இருக்கிறார்கள், அழச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அவர் வானொலியைப் பிரித்து வைத்துக்கொண்டு என் தம்பியிடம் மணிக்கணக்கில் பேசுவார். கைக்கு வேலை இருந்ததால் வாய்க்குப் பேச வந்தது என்று தம்பி சொன்னான்.

முதல்முறை போகும்போது எப்படித் தயாராவது?

காலையில் வெயில் ஏறும் முன் போங்கள். கடையை அப்போதுதான் பரப்பியிருப்பார்கள், நல்லவை கலையாமல் இருக்கும். முதல் வியாபாரம் என்றால் அநியாயத்துக்குப் பேரம் பேசாதீர்கள். போணி கெட்டால் அன்றைய நாளே கெட்டதாக அவர்கள் எண்ணுகிறார்கள். கேட்ட விலையில் கால் பங்கு குறைத்துக் கேளுங்கள், கட்டவில்லை என்றால் சிரித்துவிட்டு நகருங்கள். துணிப்பை, தண்ணீர், கைக்குட்டை, பத்து இருபது ரூபாய்ச் சில்லறை ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். தும்மல் வருபவர்கள் முகக்கவசம் அணியலாம்.

முதல் நாள் புத்தகத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். அளவு பார்க்க வேண்டாம், துவைக்க வேண்டாம், விலையும் குறைவு. அவருடன் சேர்ந்து போன கடைகளுக்கு முதல் சில மாதங்கள் போகாதீர்கள், நகரம் பெரியது. தனியாகப் போவதற்குத் தயக்கமாக இருந்தால், உங்களிடம் அதிகம் கேள்வி கேட்காத ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். என் அப்பா இப்போதும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன் பழைய கான்வாஸ் பையை மடித்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, ஏழு மணிக்கே வாசலில் செருப்புடன் நிற்கிறார்.